கால்குலேட்டர் 47.8 கிலோன்னு சொல்லுது, நான் 61 கிலோ இருக்கேன், என்ன செய்யணும் டாக்டர்?

ஒரு சகோதரி ரொம்ப விவரமா எழுதியிருக்காங்க, ஊர் பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. வயசு 36, கூட்டுறவு சொசைட்டில கேஷ் கவுண்டர்ல வேலை, நாள் பூரா உக்காந்தே இருக்கணும். உயரம் 5 அடி 1 அங்குலம். ரெண்டு பிள்ளைங்க, மூத்தவளுக்கு 12 வயசு, சின்னவனுக்கு 6. சின்னவன் வயித்துல இருந்தப்ப சுகர் வந்து சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுலயே சமாளிச்சிருக்காங்க, பிரசவம் ஆனதும் நார்மல்னு சொன்னாங்களாம், அதோட அந்த டெஸ்ட்டை மறந்தாச்சு. அம்மாவுக்கு சுகர் இருக்கு.

நாலு மாசம் முன்னாடி நெட்ல ஒரு கால்குலேட்டர்ல போட்டு பாத்திருக்காங்க, அது கேட்டது ரெண்டே கேள்வி, உயரம் எவ்வளவு, ஆணா பெண்ணா. பதில் 47.8 கிலோ. அன்னைக்கு இவங்க எடை 64. கணவருக்கு 41 வயசு, ஹார்டுவேர் கடை, 5 அடி 9 அங்குலம், 74 கிலோ, அவருக்கு 70.7ன்னு வந்திருக்கு. "எனக்கு மூணு கிலோதான் ஜாஸ்தி, உனக்கு பதினாறு, நான் பாஸ் நீ ஃபெயில்"னு அவர் விளையாட்டாதான் சொன்னார், ஆனா அன்னைக்கு ராத்திரியிலருந்தே நான் சாப்பாட்டை நிறுத்திட்டேன்னு எழுதியிருக்காங்க. காலையில தேன் எலுமிச்சை தண்ணி, மதியம் ஒரு கரண்டி சாதம், ராத்திரி ஒண்ணும் கிடையாது. இப்ப 61 கிலோ, ஆறு வாரமா அதுக்கு கீழ இறங்கவே இல்லையாம். தலை சீவினா கொத்து கொத்தா முடி வருது, பீரியட்ஸ் ரெண்டு தடவை 20 நாள் தள்ளிப் போயிருக்கு. மாமியார் "ரெண்டு பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும், விடு"ன்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு மாசத்துல பத்து கிலோ குறைக்கிற பவுடர் இருக்கு வான்னு கூப்பிடுறாங்க. இதுக்கு நடுவுல பொண்ணும் அம்மாவைப் பாத்து ராத்திரி சாப்பாடு வேண்டாங்குறா, தினமும் மெஷின்ல ஏறி நிக்கிறா.

கேக்குறது நாலு விஷயம். 48 கிலோதான் எனக்கு சரியான எடையா? அதுக்கு எத்தனை மாசம் ஆகும்? பவுடர் எடுக்கலாமா? பொண்ணு எவ்வளவு இருக்கணும்?

சகோதரி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நீங்க ஃபெயில் இல்ல. 64லருந்து 61க்கு வந்திருக்கீங்க, அது உங்க எடையில கிட்டத்தட்ட 5 சதவீதம், சின்ன விஷயம் கிடையாது. ஆனா நீங்க வந்த வழி உடம்புக்கு ஆகல, அதைத்தான் முடியும் பீரியட்ஸும் சொல்லிக்கிட்டிருக்கு. போய்ச் சேர நினைக்கிற 48ங்கிற நம்பரும் நீங்க நம்புற அளவுக்கு பெரிய நம்பர் இல்ல. அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இந்த ஒரு நம்பரை வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு வர்ற பெண்களை கிளினிக்ல நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.

அந்த 47.8 எங்கேருந்து வந்துச்சு

உங்க கால்குலேட்டர் போட்ட கணக்கு டிவைன் ஃபார்முலா. பெண்ணுன்னா 5 அடிக்கு 45.5 கிலோ, அதுக்கு மேல ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2.3 கிலோ. ஆணுன்னா 5 அடிக்கு 50 கிலோ, மேல அதே 2.3. உங்களுக்கு ஒரு அங்குலம் கூட, அதனால 47.8. உங்க கணவருக்கு ஒன்பது அங்குலம் கூட, அதனால 70.7. அவ்வளவுதான் கணக்கு, வேற ஒண்ணும் உள்ள இல்ல. உங்க வயசு, இடுப்பு, ரத்தத்துல சுகர், தசை எவ்வளவு, ரெண்டு பிரசவம், எதுவுமே அதுக்குத் தெரியாது.

இந்த ஃபார்முலா 1974ல வந்தது, அதுவும் மருந்து டோஸ் கணக்குக்காக. ஜென்டாமைசின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி இருக்கு, அளவு கூடுனா கிட்னியும் காதும் பாதிக்கும். அந்த மருந்து கொழுப்புக்குள்ள அவ்வளவா போகாது, அதனால குண்டா இருக்கிறவங்களுக்கு முழு எடைக்கும் கணக்குப் போட்டா டோஸ் ஏறிடும், அதுக்காக உயரத்தை வெச்சு ஒரு உத்தேச எடை தேவைப்பட்டுச்சு. இன்னைக்கும் ஐசியூல வென்டிலேட்டர்ல இருக்கிற நோயாளிக்கு ஒரு மூச்சுக்கு எவ்வளவு காத்து தரணும்னு முடிவு பண்ண கிட்டத்தட்ட இதே கணக்கைத்தான் போடுறோம், ஏன்னா நுரையீரலோட அளவு உயரத்தைப் பொறுத்தது, ஒருத்தர் குண்டானா நுரையீரல் பெருசாகாது. அந்த வேலைக்கு இது நல்ல கணக்கு. ஆனா இந்த எடையில இருந்தா ஒருத்தர் ஆரோக்கியமா நீண்ட நாள் இருப்பார்னு யாரும் ஆளுங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்து கண்டுபிடிச்ச நம்பர் இல்ல இது.

இன்னொண்ணு, இதே மாதிரி வேற ஃபார்முலாக்களும் இருக்கு, உங்க உயரத்தையே அதுல போட்டு பாருங்க. 1983ல ராபின்சன்னு ஒண்ணு வந்துச்சு, அதுல உங்களுக்கு 50.7 கிலோ. அதே வருஷம் மில்லர்னு ஒண்ணு, அதுல 54.5. பழைய டாக்டருங்க மனக்கணக்காவே சொல்ற ப்ரோக்கா கணக்கு, செ.மீ.ல உயரத்தை எடுத்து 100ஐ கழிக்கிறது, அது 19ம் நூற்றாண்டு ஃப்ரெஞ்ச் சர்ஜன் பால் ப்ரோக்கா பேர்ல வர்றது, அதுல உங்களுக்கு 55. நீங்க ஒரே ஆள், ஒரே உயரம், ஆனா 48லருந்து 55 வரைக்கும் பதில் வருது. நெட்ல வேற ஒரு பக்கத்தைத் திறந்திருந்தா 54.5ன்னு பாத்திருப்பீங்க, அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டிருப்பீங்க.

உயரத்துக்கு இவ்வளவு எடைன்னு பட்டியல் போடுற பழக்கத்தைப் பெருசா பரப்பினது அமெரிக்காவுல மெட்ரோபாலிட்டன் லைஃப்ங்கிற இன்சூரன்ஸ் கம்பெனி, 1940கள்ல ஆரம்பிச்சு 1959லயும் 1983லயும் புதுப்பிச்சாங்க. பாலிசி எடுத்தவங்கள்ல எந்த எடைக்காரங்க நீண்ட நாள் உயிரோட இருந்தாங்கன்னு பாத்துப் போட்ட பட்டியல், அதுல ஷூவும் உடுப்பும் சேத்தே எடை எடுத்திருப்பாங்க. அந்தக் காலத்துல அமெரிக்காவுல காசு இருந்து இன்சூரன்ஸ் எடுத்தவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க, அதுல நம்ம ஊர்ப் பெண்கள் எங்க இருக்கப் போறாங்க. 5 அடிக்கு கீழ இருக்கிறவங்களுக்கு டிவைன் ஃபார்முலா ஒழுங்கா பதிலே சொல்லாது, அது 5 அடிலருந்துதான் ஆரம்பிக்குது, நம்ம நாட்டுப் பெண்கள்ல ஏகப்பட்ட பேர் அந்த 5 அடியை ஒட்டியோ அதுக்கு கீழயோதான் இருக்காங்க. கடையில தொங்குற ஒரே சைஸ் ரெடிமேட் ப்ளவுஸ் நமக்குப் பத்தலைன்னா தப்பு நம்ம கையில இல்லைல்ல, அது மாதிரிதான் இதுவும்.

ஆணா பெண்ணான்னு ஏன் கேக்குது

கேள்வி நியாயமானதுதான். ஒரே உயரம் இருந்தாலும் ஆணுக்கு தசையும் எலும்பும் சராசரியா கூட, பெண்ணுக்கு கொழுப்பு கூட, அது வேண்டாத கொழுப்பு இல்ல, ஹார்மோனுக்கும் மாதவிடாய்க்கும் கர்ப்பத்துக்கும் தேவையான கொழுப்பு. உடம்புல கொழுப்பு ரொம்ப குறைஞ்சாலோ, சாப்பாடு திடீர்னு குறைஞ்சாலோ, இப்ப கர்ப்பத்துக்கான நேரம் இல்லைன்னு மூளை முடிவு பண்ணி பீரியட்ஸை தள்ளிப் போடும். உங்களுக்கு நடந்துக்கிட்டிருக்கிறது அதுவா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா டிவைன் கணக்குல ஆண் பெண் வித்தியாசம் முழுக்க ஒரு 4.5 கிலோ, எல்லா உயரத்துக்கும் அதே 4.5தான். ஒரு கட்டட வேலை பாக்குற பெண்ணும் கவுண்டர்ல உக்காந்திருக்கிற பெண்ணும் அதுக்கு ஒண்ணுதான்.

நம்ம உடம்புக்கு எந்த அளவு பாக்கணும்

டாக்டருங்க பொதுவா பாக்குறது பிஎம்ஐ, எடையை மீட்டர் கணக்குல உயரத்தோட வர்க்கத்தால வகுக்கிறது. பெல்ஜியத்துக்காரர் கெட்லே 1832ல போட்ட கணக்கு, ஆன்செல் கீஸ் 1972ல அதுக்கு இந்தப் பேரை வெச்சார். பெரியவங்களுக்கு இதுல ஆண் பெண் வித்தியாசமே கிடையாது. உங்க உயரம் 155 செ.மீ., 61 கிலோன்னா பிஎம்ஐ 25.4. உலக அளவுல 18.5லருந்து 24.9 வரை நார்மல்னு சொல்லுவாங்க, அப்படிப் பாத்தா ஒரு கிலோ குறைஞ்சாலே நீங்க உள்ள வந்துடுவீங்க. ஆனா இந்தியர்களுக்கு அந்தக் கோடு ஒத்துவரல. 2009ல இந்திய நிபுணர்கள் கூடி 23லருந்தே அதிக எடைன்னு வெச்சாங்க, 25 தாண்டினா உடல் பருமன். அதன்படி உங்க உயரத்துக்கு மேல் எல்லை 55 கிலோ, கீழ் எல்லை 44 பக்கம். 44லருந்து 55 வரைக்கும் எங்க இருந்தாலும் சரிதான், 48ங்கிறது அதுக்குள்ள இருக்கிற ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலதான் நிக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

ஏன் நமக்கு மட்டும் கோடு கீழன்னு நீங்க கேக்கலாம். 2004ல லான்செட் பத்திரிகையில ஒரு படம் வந்துச்சு, ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிக்கிற படம், ஒருத்தர் புனேவோட யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டனோட யுட்கின். ரெண்டு பேர் பிஎம்ஐயும் 22.3, துளி வித்தியாசம் கிடையாது. ஆனா உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பாக்க ஒல்லி, உள்ள கொழுப்பு, அதுவும் வயித்துப் பக்கம். நம்ம ஆளுங்களுக்கு சுகர் இவ்வளவு சீக்கிரம் வர்றதுக்கு இது ஒரு முக்கியமான காரணம், இங்கதான் உங்க கணவர் விஷயமும் வருது.

நீங்க டெய்லர் டேப் வெச்சு அளந்து அனுப்பினது ரொம்ப நல்ல காரியம். உங்க வயிறு 33 அங்குலம், அதாவது 84 செ.மீ. பெண்களுக்கு நம்ம நாட்டுல எல்லை 80. உங்க கணவருக்கு 38 அங்குலம், 96 செ.மீ.க்கு மேல, ஆண்களுக்கு எல்லை 90. அவர் பிஎம்ஐ 24.1, அதுவும் 23க்கு மேலதான். "அவருக்கு தொப்பை மட்டும்தான் டாக்டர், மத்தபடி உடம்பு சரியா இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க, அந்தத் தொப்பை மட்டும்தான்ங்கிறதுதான் எனக்குக் கவலையே, ஏன்னா கை கால்ல இருக்கிற கொழுப்பை விட குடலையும் கல்லீரலையும் சுத்தி இருக்கிற கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்ய விடாது.

சென்னையில டாக்டர் மோகன் குழுவினர் 2005ல வெளியிட்ட சுகர் ரிஸ்க் ஸ்கோர் ஒண்ணு இருக்கு, மொத்தம் 100க்கு, ரத்தம் எடுக்கவே வேண்டாம், வயசு, வயித்து அளவு, உடல் உழைப்பு, அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கான்னு நாலே கேள்வி. உங்களுக்குப் போட்டு பாத்தேன். 35 தாண்டினதுக்கு 20, வயிறு 80க்கும் 89க்கும் நடுவுல இருக்கிறதுக்கு 10, உடற்பயிற்சியும் இல்ல உக்காந்த வேலைங்கிறதுக்கு 30, அம்மாவுக்கு சுகர்ங்கிறதுக்கு 10, ஆக 70. உங்க கணவருக்கு வயசுக்கு 20, வயித்துக்கு 10, கடையில உக்காந்த வேலைக்கு 30, அவங்க அப்பாவுக்கு சுகர்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு 10, அவருக்கும் 70. 60 தொட்டாலே அதிக ரிஸ்க். கால்குலேட்டர்ல பாஸான ஆளும் ஃபெயிலான ஆளும் இங்க ஒரே மார்க். அதோட கர்ப்பத்துல வந்த சுகரை இந்த ஸ்கோர் கணக்குல எடுக்கவே இல்ல, அதையும் சேத்தா உங்க ரிஸ்க் இன்னும் கூடத்தான். இதை அவர்கிட்ட குத்திக் காட்டச் சொல்லல, ரெண்டு பேரும் சேந்து செய்ய வேண்டிய வேலை இதுன்னு அவருக்குப் புரியணும், இந்தப் பத்தியை அப்படியே படிச்சுக் காட்டுங்க.

ஒரு விஷயம், வயித்தை அளக்குறப்ப பாவாடை நாடா கட்டுற இடத்துலயோ பேண்ட் நிக்கிற இடத்துலயோ அளக்காதீங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேல்முனைக்கும் நடுவுல, சும்மா மூச்சை விட்டுட்டு, டேப்பை இறுக்காம அளக்கணும். ஆண்கள் நிறைய பேர் பேண்ட் சைஸ் 36தான்னு சொல்லுவாங்க, தொப்பைக்கு கீழ பேண்ட் போட்டா 36தான் வரும். உயரத்தையும் ஒரு தடவை சுவர்ல சாஞ்சு நின்னு, தலை மேல ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வெச்சு அளந்துடுங்க, காலேஜ்ல எப்பவோ அளந்த உயரத்தையே பாதி பேர் சொல்றாங்க, ரெண்டு செ.மீ. மாறினாலே கணக்கு மாறிடும்.

உங்க முன்னாடி இருக்கிற வழிகள்

48 வரைக்கும் போயே தீருவேன்னு இப்படியே தொடர்றது ஒண்ணு. இதை நான் வேண்டாம்னே சொல்றேன். ராத்திரி பட்டினி, மதியம் ஒரு கரண்டி சாதம்னா கொழுப்போட தசையும் சேந்து கரையும், தசை கரைஞ்சா உடம்பு செலவழிக்கிற சக்தி குறையும், அதனாலதான் ஆறு வாரமா முள்ளு நகரல. முடி கொட்டுறதும் பட்டினியோட வேலையாதான் தெரியுது, உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் முடி உதிரும், நீங்க ஆரம்பிச்சு நாலு மாசம்ங்கிறது அதோட ஒத்துப் போகுது. சாப்பாடு சரியானா பெரும்பாலும் திரும்ப வளர்ந்துடும், பயப்படாதீங்க.

மாமியார் சொல்ற மாதிரி விட்டுடுறது இன்னொண்ணு. அவங்க பாசத்துலதான் சொல்றாங்க, அந்தப் பேச்சு உங்களுக்கு ஆறுதலாவும் இருந்திருக்கும், ஆனா கர்ப்பத்துல சுகர் வந்த பெண்ணுக்கு பின்னாடி நிரந்தரமா சுகர் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட பல மடங்கு. 80 தாண்டின வயிறையும் வெச்சுக்கிட்டு அப்படியே விட முடியாது.

நான் சொல்றது நடுவுல இருக்கிற வழி. அடுத்த ஆறு மாசத்துக்கு குறி 57, 58 கிலோ, அதோட வயிறு 80 செ.மீ.க்கு கீழ. மாசத்துக்கு ஒரு கிலோ போனாலே போதும், அரை கிலோ போனாலும் பரவாயில்ல. அங்க வந்து சுகர், பிபி எல்லாம் நல்லா இருந்தா அதுக்கப்புறம் 55 வரை போறதா அங்கேயே நிக்கிறதான்னு யோசிக்கலாம். 48 பத்தி இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

உங்களுக்கு தெம்பு தர்ற ஒரு விஷயம் சொல்றேன். சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ல வெளியிட்ட ஆய்வு, சுகர் வர்ற விளிம்புல இருந்த 531 இந்தியர்களை வெச்சு பண்ணது. சாப்பாட்டை சீர் பண்ணி தினமும் நடக்க வெச்ச குழுவுல சுகர் வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சுது. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, அந்தக் குழுவுல எடை குறிப்பிடும்படியா குறையவே இல்ல. மெஷின்ல முள்ளு நகரலைன்னாலும் உள்ள நல்லது நடந்துக்கிட்டிருக்கும், அதனால நகரலையேன்னு நடக்கிறதை நிறுத்திடாதீங்க.

சாப்பாட்டுல மூணு வேளையும் சாப்பிடுங்க, ராத்திரி எட்டு மணிக்குள்ள முடிச்சுடுங்க. காலையில ரெண்டு மூணு இட்லியோ தோசையோ, சட்னியோட நிறுத்தாம சாம்பார் நல்லா ஊத்திக்கங்க, கூட ஒரு முட்டை. மதியம் தட்டுல பாதி காய், கால்வாசி சாதம், கால்வாசி பருப்பு, சுண்டல், மீன், கோழி இதுல ஏதோ ஒண்ணு. உங்க எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 கிராம் புரதம் வேணும், இப்ப நீங்க சாப்பிடுற அளவுல அதுல பாதி கூட வராது. தேன் எலுமிச்சை தண்ணி கொழுப்பைக் கரைக்காது, தேனும் சர்க்கரைதான். கவுண்டர்ல மூணு வேளை சக்கரை போட்ட டீன்னு எழுதியிருக்கீங்க, அதோட வர்ற முறுக்கு பிஸ்கட்டைப் பத்தி எழுதல, ஆனா பட்டினி கிடக்கிற ஆளுக்கு நாலு மணிக்கு அதைத் தள்ளி வைக்கிறது கஷ்டம்னு எனக்குத் தெரியும், மதியம் ஒழுங்கா சாப்பிட்டா அந்தப் பசியே பாதி போயிடும்.

நடக்கிறது தினமும் அரை மணி, வாரத்துல அஞ்சு நாள், பேச முடியணும் ஆனா பாட முடியாத வேகம். ராத்திரி கடை சாத்தினதும் உங்க கணவரையும் கூட்டிக்கிட்டு போங்க, அவருக்கும் தேவை. வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்க, நாற்காலியில கை ஊனாம உக்காந்து எழுந்திருக்கிறது, சுவர்ல கை வெச்சு தள்ளுறது, ரெண்டு கையிலயும் தண்ணி பாட்டில் தூக்குறது, ஜிம் எல்லாம் வேண்டாம்.

அந்த பவுடர்

எடுக்காதீங்க. ஒரு வேளை சாப்பாட்டுக்கு பதிலா பவுடர் குடிச்சா எடை கொஞ்ச நாளைக்கு குறையத்தான் செய்யும், சாப்பாடு குறைஞ்சதால குறையுது, நிறுத்தின அன்னைக்கே திரும்ப ஏற ஆரம்பிக்கும். டப்பால எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரைக் காட்டுவாங்க, அது உணவுப் பொருள் விக்கிற லைசென்ஸ், எடை குறையும்னு யாரும் கொடுத்த சான்று இல்ல. எடை குறைக்கிற மூலிகைப் பொடி, சப்ளிமெண்ட் எடுத்து கல்லீரல் பாதிச்சு வந்த கேஸ்கள் நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள்லயே பதிவாகியிருக்கு. ரெண்டு மாசத்துல பத்து கிலோன்னா வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல, உங்க உடம்பு ஏற்கனவே வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருக்கு. பக்கத்து வீட்டு அக்காவோட உறவு கெட வேண்டாம்னா, டாக்டர் வேண்டாம்னுட்டார்னு என் பேர்ல பழியைப் போட்டுடுங்க.

பொண்ணு விஷயம்

உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருந்த இடம் இதுதான். 12 வயசுப் பிள்ளைக்கு இந்த ஃபார்முலா எதுவுமே பொருந்தாது, டிவைன் பொருந்தாது, பெரியவங்களோட பிஎம்ஐ கோடும் பொருந்தாது. வளர்ற பிள்ளைங்களுக்கு வயசையும் ஆணா பெண்ணாங்கிறதையும் வெச்சு தனி வளர்ச்சி அட்டவணை இருக்கு, இந்தியக் குழந்தைகளுக்குன்னே குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015ல போட்டது, அதுல குழந்தை டாக்டர் ஒரு புள்ளி வெச்சு, போன வருஷப் புள்ளியோட சேத்துப் பாத்துதான் சொல்லணும். பெரிய மனுஷி ஆகுற வயசை ஒட்டி பிள்ளைங்க உயரமும் கூடும் எடையும் கூடும், இடுப்பும் தொடையும் சதை வெக்கும், அது அப்படித்தான் நடக்கணும். அந்த நேரத்துல சாப்பாட்டைக் குறைச்சா உயரம், எலும்பு, ரத்தம் எல்லாம் அடிபடும்.

அதனால அவளுக்கு எவ்வளவு எடைன்னு நான் நம்பர் சொல்லப் போறதில்ல. எடை மெஷினை பீரோவுக்குள்ள வெச்சுடுங்க, நீங்களே மாசத்துக்கு ரெண்டு தடவை பாத்தா போதும், அவ இல்லாதப்ப பாருங்க. அவ முன்னாடி உங்க உடம்பைப் பத்தி நீங்களே குறைவா பேசாதீங்க, கணவரையும் பாஸ் ஃபெயில் பேச்சை வீட்டுல விட்டுடச் சொல்லுங்க, அவருக்கு அது விளையாட்டு, பிள்ளை அதை மனசுல வாங்கிக்கிறா. ராத்திரி நீங்க அவகூட உக்காந்து சாப்பிடுங்க, ஆயிரம் அறிவுரையை விட அது வேலை செய்யும். அப்படியும் ரெண்டு மூணு வாரத்துல அவ சாப்பாட்டை ஒதுக்குறது நிக்கலைன்னா, சாப்பிட்டுட்டு பாத்ரூமுக்கு ஓடுறா, தட்டை மறைக்கிறான்னு ஏதாவது கண்ணுல பட்டா, தாமதிக்காம குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, திட்டாதீங்க.

இப்ப எடுக்க வேண்டிய டெஸ்ட்

பீரியட்ஸ் தள்ளிப் போனா எந்தக் காரணமா இருந்தாலும் முதல்ல கர்ப்ப டெஸ்ட், அதை விட்டுடாதீங்க. அப்புறம் தைராய்டுக்கு டிஎஸ்எச், ரத்தத்துல ஹீமோகுளோபின், இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின். தைராய்டு குறைவா இருந்தாலும் எடை நகராது, முடி கொட்டும், பீரியட்ஸ் மாறும், உங்க மூணு தொந்தரவும் அதுலயும் வரும், அதனால பட்டினிதான் காரணம்னு நானா முடிவு கட்டிட முடியாது.

சுகருக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாக்குற டெஸ்ட் எடுங்க. 140க்கு கீழன்னா நார்மல், 140லருந்து 199 வரை சுகருக்கு முந்தின நிலை, 200 தொட்டா சுகர். மூணு மாச சராசரி டெஸ்ட் ஹெச்பிஏ1சி மட்டும் போதும்னு லேப்ல சொல்லுவாங்க, ஆனா உங்களுக்கு இரும்புச்சத்து குறைவா இருந்தா அது உண்மையை விட அதிகமா தப்பா காட்டிடலாம். முக்கியமா, டெஸ்ட்டுக்கு முன்னாடி மூணு நாள் சாதம் இட்லி எல்லாம் வழக்கம் போல நல்லா சாப்பிட்டிருக்கணும், பட்டினி கிடந்துட்டு நேரா போய் குளுக்கோஸ் குடிச்சா இல்லாத சுகரை இருக்குன்னு காட்டிடும். நார்மல்னு வந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கங்க, சின்னவன் பிறந்த அப்புறம் ஆறு வருஷமா பாக்கல இல்லையா.

அதே நாள் உங்க கணவருக்கும் வெறும் வயித்து சுகர், பிபி, கொழுப்பு டெஸ்ட் எல்லாம் எடுத்துடுங்க. சுகரும் பிபியும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா பாப்பாங்க. ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் வந்ததும் வயித்து அளவோட சேத்து எழுதுங்க, அடுத்து என்னன்னு பாக்கலாம். அடுத்த பீரியட்ஸும் இதே மாதிரி தள்ளிப் போச்சுன்னா என் பதிலுக்குக் காத்திருக்காதீங்க, உங்க ஊர்லயே லேடி டாக்டரைப் போய் பாத்துடுங்க.